வெள்ளிக்கிழமைக் குறட்டை

பாஸ் யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது அலுவலக விதி. நாற்காலியில் சாய்ந்து, கால் இரண்டையும் மேஜை மேல் போட்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, மேஜைக் கண்ணாடி கிடுகிடுக்க அவர் செய்கிற காரியத்துக்கு வேறு எந்தப் பெயரும் வைக்கக் கூடாது. வைத்தவன் அன்றைக்குச் சாயந்திரம் வரை பழைய ஃபைல்களுக்குத் தூசி தட்ட வேண்டியதுதான்.

கொசுறு தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

கொசுறு என்பது அவனுடைய பெயரில்லை, அவன் வந்து சேர்ந்த விதம். பாஸ் துப்பறியும் தொழிலுக்காக இந்த அறையை வாடகைக்குப் பிடித்தபோது, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, பூட்டிக்கொள்ளாத ஒரு பீரோ, இவற்றோடு சேர்த்து முன்னால் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் விட்டுவிட்டுப் போன ஆள் அவன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பின்னறையில் படுத்துக்கொள்வான், முன்னறையில் துப்பறிய உதவுவான், எந்த அறையிலும் வாயை மட்டும் அடக்க மாட்டான்.

போன மாதக் கடைசி வரை அவன் வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு நாள் பாஸ் ஒரு பையும் தலையணையுமாக வந்து நின்றார். வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்களாம், வாசனை ஒத்துக்கொள்ளவில்லையாம். பின்னறையில் இருப்பது ஒரே கட்டில். பாஸ் கட்டிலுக்குப் போனார், கொசுறு தரைக்கு வந்தான். தரையைப் பற்றி அவனுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கட்டிலிலிருந்து வந்த சத்தத்தைப் பற்றித்தான். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். பஞ்சின் மேல் தலையணையை வைத்துப் பார்த்தான். தலையணையோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தும் பார்த்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகிவிட்டன. ஒரே ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கக் கிடைத்தால் சொத்து முழுவதையும் எழுதி வைத்துவிடுவான், சொத்து என்று ஒன்று இருந்தால்.

எந்த அரண்மனைக்கு இத்தனை நாளாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று கேட்டுத்தான் இன்றைக்கு இந்தத் தூசி.

கதவு தட்டப்பட்டது. பருத்திப் புடவையும் தோல் பையுமாக ஓர் அம்மாள் வாசலில் நின்றார். உள்ளே வராமல் தலையைச் சாய்த்து பாஸின் பக்கம் காது கொடுத்தார். விரல்கள் தாமாகவே பையின் மேல் தாளம் போட்டன. கொசுறு பதறிப்போய் பேப்பர் வெயிட்டைக் கீழே தள்ளினான். பாஸ் கண்ணைத் திறந்தார்.

"தூங்கல. யோசிச்சிட்டிருந்தேன்."

அந்த அம்மாளின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது.

அவர் ஒரு பாட்டு டீச்சர். வந்த விஷயம் பாட்டில்லை. வீட்டில் இன்னொருவர் விடும் குறட்டையால் தூக்கம் கெட்டவர்களுக்காக இணையத்தில் ஒரு மன்றம் நடத்துகிறாராம். யார் யாரோ எங்கெங்கிருந்தோ அதில் சேர்ந்திருக்கிறார்கள். யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை, புனைபெயர்தான். குறட்டை விடுகிறவருக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும் இல்லையா.

மன்றம் என்றால் தானாக ஓடுமா என்று டீச்சர் கேட்டார். தூக்கம் வராதபோது வருவார்கள், புலம்புவார்கள், போய்விடுவார்கள். போனவர்களைத் திரும்ப இழுத்து வருவது அவர் வாராவாரம் மெயிலில் அனுப்பும் வெள்ளிக்கிழமை மடல்தான். அந்த வாரத்து நல்ல கேள்வி, யாருமே பதில் போடாத கேள்வி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரவேற்பு, எல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஜனங்கள் மடலைத் திறந்தது அதற்காக இல்லை. கடைசிப் பத்திக்காக. அதை எழுதியவர் 'அரைத்தூக்கம்' என்ற புனைபெயர்க்காரி. தன் புருஷனின் குறட்டையைப் பற்றி அவர் எழுதினால் வயிறு புண்ணாகும். மன்றமே அதைப் படித்துவிட்டு வந்து அரட்டை அடிக்கும்.

போன மாதக் கடைசியோடு அரைத்தூக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அந்த இடத்தில் டீச்சரே ஒரு பத்தி எழுதிப் பார்த்திருக்கிறார், உறக்கமும் உடல்நலமும் என்று. மடலை யார் திறந்தார்கள், யார் திறக்கவே இல்லை என்பதெல்லாம் அனுப்புகிறவருக்குத் தெரிந்துவிடுமாம். திறந்தவர்கள் பாதியாகி, பாதியும் பாதியானது. கூடப் பிறந்த தங்கையே 'இனி அனுப்ப வேண்டாம்' பொத்தானை அழுத்திவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமையும் அந்தப் பத்தி இல்லாமல் போனால் மன்றத்தை மூடிவிடப் போவதாகச் சொன்னபோது டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

"வீடே தூங்கும்போது தனியா முழிச்சிட்டிருக்கிறவங்க சார் இவங்க எல்லாம். பேச்சுத் துணைக்கு இருக்கிறதே இந்த ஒரு இடம்தான். எப்படியாவது அரைத்தூக்கத்தைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

கொசுறுக்கு அரிப்பு தாங்கவில்லை. அவங்களுக்கே ஒரு மெயில் போட்டுக் கேட்டால் என்ன என்று ஆரம்பித்தான். டீச்சர் சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். கேள்வி கேட்பது யாருடைய வேலை என்று பாஸ் கொசுறுக்கு ஞாபகப்படுத்தினார்.

டீச்சர் அனுப்பிவைத்த பழைய மடல்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, கடைசிப் பத்திகளை மட்டும் கொசுறு உரக்கப் படித்தான். பாஸ் விரல்களைக் கோத்துக்கொண்டு கேட்டார்.

"'என் வீட்டுக்காரர் தூங்குவதே இல்லை. யோசிக்கிறார். நேற்று அவர் யோசித்த யோசனையில், கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து அணைப்பதற்கு மாடியேறி வந்துவிட்டார். தொட்டி நிரம்பிடுச்சும்மா என்றார். எனக்கும் நிரம்பிடுச்சு என்றேன்.'"

பாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். கொசுறு சிரிக்கவில்லை. அவன் நாக்கு 'யோசிக்கிறார்' என்ற சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. திரையைப் பார்த்தான். பாஸைப் பார்த்தான். போன மாதக் கடைசி. பை. தலையணை. பெயிண்ட்.

அடப்பாவமே, அண்ணியா.

பாஸின் மனைவியை அவன் அண்ணி என்றுதான் கூப்பிடுவான். வீட்டுக்குப் போனால் வாய் நிறையப் பேசி வயிறு நிறையச் சாப்பாடு போடுகிறவள். அவளுக்கு இப்படி எழுதுகிற கை இருப்பது அவனுக்குத் தெரியாமல் போயிற்றே. அதைச் சொல்ல வாயெடுத்தவன் அடுத்த பத்தியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அதில் இப்படி இருந்தது:

'குறட்டை விடுகிறீர்கள் என்று சொன்னால் என்னை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்கிறார். நீ காதால் கேட்டாயா, கனவில் கேட்டாயா என்கிறார். பதிவு செய்து போட்டுக் காட்டினேன். இது யாரோ மரம் அறுக்கிற சத்தம், நீ ஜோடித்திருக்கிறாய், பொய் சொல்கிறாய் என்றார்.'

அதுதான் கடைசியாக வந்த பத்தி. அதையும் உரக்கப் படித்தான், எவன்டா அவன் என்று பாஸ் பல்லைக் கடித்தாரே தவிர தன் வீடு ஞாபகத்துக்கு வரவில்லை, அவர்தான் குறட்டை விடுவதே இல்லையே. கட்டிய பெண்டாட்டி சொல்லியே நம்பாத மனுஷன், கொசுறு சொல்லியா நம்பப் போகிறார்? சொன்னால் கோபம் இன்னும் ஏறும். ஏறினால் வீட்டுக்குத் திரும்பவே மாட்டார், கட்டில் நிரந்தரமாகப் போய்விடும். தூக்கமும்தான். பாஸ் தானாகக் கண்டுபிடித்தால்தான் உண்டு.

"எழுதினவங்க யாருன்னு தேடக் கூடாது," என்றார் பாஸ். "குறட்டைக்காரனைத் தேடணும். ஆள் எப்படிப்பட்டவன்னு எழுத்துலயே தெரியுது. நாள் பூரா நாற்காலியில சாஞ்சு கிடக்கிறவன். ஒரு வேலையும் உருப்படியா செய்யாதவன். உலகத்துலயே தான்தான் புத்திசாலின்னு நினைப்பு. வக்கீலா இருக்கும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் பாஸ். அப்படியே நேர்ல பார்த்த மாதிரி இருக்கு."

"இன்னொண்ணு படி."

கொசுறு தேடிப் பிடித்து ஒன்றைப் படித்தான். 'வீட்டுக்குக் கீழே ரொட்டிக்கடை. விடியற்காலையில் அதன் ஷட்டர் எட்டி உதைத்தால்தான் திறக்கும். தெரு நாய்கள் ஓடும், தொட்டில் குழந்தைகள் வீறிடும். என் வீட்டுக்காரர் மட்டும் புரண்டுகூடப் படுக்க மாட்டார்.'

பாஸ் துள்ளி எழுந்தார். மாடி வீடு, கீழே ரொட்டிக்கடை, மக்கர் செய்கிற ஷட்டர், ஊரில் அப்படி எத்தனை இருந்துவிடும் என்று சட்டையை மாட்டிக்கொண்டார். கொசுறு அவருடைய செருப்பை எடுத்து வாசல் பக்கம் திருப்பி வைத்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு ஆர்வமாகத் துப்பறியக் கிளம்பியதே இல்லை.

முதல் கடையின் ஷட்டர் ஒரு விரலால் தூக்கினால் ஏறியது. இரண்டாவது கடைக்கு ஷட்டரே கிடையாது, கண்ணாடிக் கதவு. மூன்றாவது கடையில் பாஸ் தமது தொழில் தோரணையில், நீங்கள் உதைப்பதுண்டா என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, யாரை உதைக்கணும் சொல்லுங்க என்று வெளியே வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த ஆளுக்கு ஒரு பன் வாங்கித் தின்ன வேண்டியதாயிற்று.

வழியெல்லாம் பாஸ் அந்த முகம் தெரியாத புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கினார். இவனெல்லாம் ஒரு மனுஷனா என்றார். கூட இருக்கிறவள் ராத்திரி பூராக் கண் முழித்துக் கிடக்கிறாள், காலையில் அவளையே பொய்க்காரி ஆக்குகிறானே என்றார். பாதி பன்னை மென்றபடியே நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"என் கையில கிடைச்சான்னா ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன். போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுடான்னு சொல்வேன்."

"கேட்பாரா பாஸ்?"

"கேட்கலைன்னா கழுத்தைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் நிறுத்துவேன்."

கொசுறு அவருடைய கழுத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். பிடிக்கத் தோதான கழுத்துதான். இன்னும் ஒரே ஒரு கடை பாக்கி இருக்கிறது என்று அவரை நைசாக வலதுபக்கம் திருப்பினான்.

தெருமுனை வந்ததும் பாஸின் நடை தடைப்பட்டது. அது அவருடைய தெரு. நடுவில் ஒரு மூன்றடுக்குக் கட்டடம், அடியில் ரொட்டிக்கடை, அதற்கு மேல் ஒரு வீடு, அதற்கும் மேல் பாஸின் வீடு. இந்தக் கடை வேண்டாம், இது நம்ம கடை, ஷட்டர் பூனை மாதிரி சத்தமில்லாமல் திறக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"திறக்கும்போது பார்த்திருக்கீங்களா பாஸ்?"

"நான் எழுந்து பார்க்கும்போது திறந்துதான்டா இருக்கும்."

"அது சரி. திறக்கிற நேரத்துக்கு நீங்க என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

"யோசிச்சிட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு பாஸ் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டு வரவில்லை. தூக்கிய கால் அப்படியே நிற்க, மெல்லத் திரும்பி கொசுறைப் பார்த்தார். கொசுறு வானத்தில் ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனாலும் துப்பறிகிறவர் இல்லையா, லேசில் விடுவாரா. நேராகக் கடைக்குப் போய், ஷட்டரை ஒரு தடவை இறக்கி ஏற்றச் சொன்னார். வியாபார நேரத்தில் இது என்ன கூத்து என்று முனகியபடி ரொட்டிக்கடைக்காரர் இறக்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் உதை விட்டார். இரண்டாவது உதைக்கு அது கிளம்பியது. லாரி நிறையத் தகரத்தை மாடியிலிருந்து கொட்டியது போல ஒரு சத்தம். பாஸ் காதைப் பொத்திக்கொண்டு, இது எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நீங்கள் குடி வருவதற்கு முன்னாலிருந்தே என்றார் கடைக்காரர்.

அந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். பாஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வந்துவிட்டீர்களா, கொஞ்ச நாளாக ராத்திரியில் மோட்டார் ஓடுகிற சத்தமே இல்லையே, ரிப்பேருக்குப் போயிருந்ததா என்று வாஞ்சையாக விசாரித்தார்.

பாஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. கொசுறு எத்தனையோ வழக்குகளில் பிடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறான், இப்படி ஒருவன் பிடிபட்டு அவன் பார்த்ததில்லை. கிண்டலாக ஏழெட்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் வாயில் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச பன்னை நீட்டினான்.

"டேய்," என்றார் பாஸ், பன்னைக் கையில் வாங்கிக்கொண்டு. "அந்த மடல் எல்லாருக்கும் மெயில்லதானே போகுது?"

"ஆமா பாஸ்."

"அப்போ அரைத்தூக்கத்தோட மெயில் முகவரி டீச்சர்கிட்ட இருக்கணும். ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா வேலை முடிஞ்சது. மெனக்கெட்டு என்கிட்ட எதுக்கு வந்தாங்க?"

கொசுறு வாயைப் பிளந்தான். கேள்வியைக் கேட்டவனே அவன்தான், பதிலை யோசிக்காமல் விட்டுவிட்டானே. பாஸ் எழுந்து படியேறினார். கொசுறு பின்னாலேயே ஓடினான்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே சாப்பாட்டு மேஜையில் பாட்டு டீச்சர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே அண்ணி. சுவர்களில் பழைய சுண்ணாம்பு பழையபடியே உரிந்துகொண்டிருந்தது, பெயிண்ட் என்கிற பேச்சுக்கே இடமில்லை. டீச்சர் அசடு வழிந்தபடி கோப்பையைக் கீழே வைத்தார். அரைத்தூக்கத்துக்குத் தாம் எழுதிக் கேட்டதாகவும், அதற்கு, எழுதுவதற்கான சரக்கு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டது, திருப்பிக் கொண்டுவர ஒரே ஓர் ஆளால்தான் முடியும், அவரிடம் போங்கள் என்று பதிலோடு அலுவலக முகவரியும் வந்ததாகவும் ஒப்புக்கொண்டார்.

அண்ணி எழுந்திருக்கவில்லை.

"நான் சொன்னா நீங்க நம்பல. கேட்க வச்சேன், ஜோடிச்சதுன்னீங்க. அடுத்தவங்க கண்டுபிடிச்சதை நீங்க என்னைக்கு ஒத்துக்கிட்டிருக்கீங்க? அதான் நீங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்."

பாஸ் வாசலிலேயே நின்றார். குறட்டை உனக்கு அவ்வளவு தொந்தரவாக இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று தடுமாறி ஆரம்பித்தார். அண்ணி அவரை முடிக்க விடவில்லை.

"குறட்டை எனக்குப் பழகிப்போச்சு. அதை வச்சு நாலு பேரைச் சிரிக்க வைக்கவும் கத்துக்கிட்டேன். பொய் சொல்றேன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் தாங்கல. இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் ஒரு பொய் சொல்லியிருக்கேனா?"

சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் தேநீரைப் பார்த்தார். கொசுறு கூரையைப் பார்த்தான்.

"இல்ல," என்றார் பாஸ். "நான் விடுறேன். குறட்டை விடுறேன். நீ சொன்னதுதான் நிஜம். தப்பு என்மேல. மன்னிச்சுக்கோ."

கழுத்தைப் பிடிக்க வேண்டிய அவசியமே வராமல் போனதில் கொசுறுக்குப் பெரிய நிம்மதி. பாஸ் அவன் பக்கம் திரும்பி, நீ அலுவலகத்துக்குப் போ, நான் வரவில்லை, தலையணையை மட்டும் நாளைக்குக் கொண்டுவந்து கொடு என்றார். கொசுறு ஆனந்தத்தில் போக மறந்து நின்றுகொண்டிருந்தான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிற்கிறாயே தம்பி, உட்கார், தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று அவனுக்கும் ஒரு கோப்பை வைத்தாள்.

அதற்குள் டீச்சருக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. கடைசிப் பத்தி வேண்டும். கொசுறு அன்றைய அலைச்சலை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்ல, அண்ணி மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். ரொட்டிக்கடை ரொட்டிக்கடையாக ஏறி இறங்கி, கடைசியில் தன் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்த ஒருவரின் கதை. முடித்துவிட்டு பாஸை எதிரே உட்கார வைத்து முதலிலிருந்து படித்துக் காட்டினாள். மூன்றாவது கடைக்காரர் மாவுக் கையோடு வந்த இடத்தில் டீச்சருக்குத் தேநீர் புரையேறியது. பாஸ் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. கொசுறு அறிந்தவரை அது அவர் வாழ்நாளில் முதல் தடவை.

படித்து முடித்ததும் அண்ணி நிமிர்ந்து, அனுப்பட்டுமா என்று கேட்டாள். ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது என்றார் பாஸ். அண்ணியின் முகம் இறுகியது. ஐயோ, மறுபடியும் தரைதானா என்று கொசுறு கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"என் வீட்டுக்காரர்னு மொட்டையா எழுதியிருக்கே. என் பேரைப் போடு."

மன்றத்தில் யாரும் பெயர் போடுவதில்லையே, ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்று டீச்சர் பதறினார்.

"தெரியட்டும் டீச்சர். இவ எழுதினதைப் பொய்னு சொன்னவன் நான். நிஜம்னு எல்லாருக்கும் நான்தானே சொல்லணும்."

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு 'என் வீட்டுக்காரர்' என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அவர் பெயரை இனிஷியலோடு முழுசாகத் தட்டினாள்.